பதஞ்சலி சாஸ்திரி

மண்டகொளத்தூர் பதஞ்சலி சாஸ்திரி (சனவரி 4, 1889 – மார்ச் 16, 1963) இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரண்டாவது தலைமை நீதிபதி ஆவார். நவம்பர் 7, 1951 முதல் சனவரி 3, 1954 வரை இப்பதவியை வகித்தார். இந்தியத் தலைமை நீதிபதி பதவியை ஏற்ற முதல் தமிழர் இவரே. அதற்கு முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும், பின்னர் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார். இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் முதல் நான்கு ஆண்டுகள் அதன் அடிப்படை உரிமைகள் பற்றிய முதல் தீர்ப்புகளை எழுதியவர்களுள் இவர் முதன்மையானவர். பத்திரிகைச் சுதந்திரம், தடுப்புக் காவல், சங்கம் அமைக்கும் உரிமை, அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரம் ஆகியவை குறித்து இவர் அளித்த தீர்ப்புகள் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ளன.

பிறப்பும் கல்வியும்

பதஞ்சலி சாஸ்திரியின் பெயருக்கு முன் வரும் மண்டகொளத்தூர் என்பது ஊர்ப் பெயராகும். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகில் உள்ளது. இவருடைய தந்தை கிருஷ்ண சாஸ்திரி, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மூத்த சமசுகிருத பண்டிதராக இருந்தவர். யோக சூத்திரத்தையும் பாணினியின் இலக்கணத்துக்கான பேருரையையும் இயற்றியவராக மரபு கருதும் பதஞ்சலியின் பெயர், இலக்கணம் கற்பித்த குடும்பத்தில் மகனுக்குச் சூட்டப்பட்டது. தந்தையின் வழியில் சாஸ்திரியும் சமசுகிருதப் புலமை பெற்றார். வாழ்நாள் முழுவதும் இப்புலமையைப் பேணி வந்த அவர், ஓய்வுக்குப் பிறகு இத்துறைக்கே தம் உழைப்பின் ஒரு பகுதியைச் செலவிட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கலையியல் பட்டமும் பின்னர் சட்டப் பட்டமும் பெற்றார். வசதியான வழக்கறிஞர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே உயர் நீதிமன்றத்தில் எளிதாக நிலைபெற முடிந்த அக்காலத்தில், பண்டிதர் ஒருவரின் மகன் சட்டத் துறையில் நுழைந்தது தம் கல்வியை மட்டும் நம்பியே ஆகும்.

வழக்கறிஞர் பணி

சாஸ்திரி 1910களின் முற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். விரைவில் வரிச் சட்டத்தில், குறிப்பாக வருமான வரிச் சட்டத்தில், வல்லுநராக அறியப்பட்டார். இவருடைய கட்சிக்காரர்களில் பலர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித் தொழில் நடத்திய இவர்களின் வரி வழக்குகள் சிக்கலானவை. அயல்நாட்டில் ஈட்டிய இலாபம் எப்போது இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படும், அனுப்பப்பட்ட தொகையில் முதல் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்பன போன்ற கேள்விகள் அவ்வழக்குகளில் எழுந்தன. இவற்றைத் தீர்க்கக் கணக்குப் பதிவு முறையையும் சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டியிருந்தது.

1922 ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. அதே ஆண்டில் சாஸ்திரி வருமான வரி ஆணையரின் நிலை வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். 1939 இல் நீதிபதியாகும் வரை இப்பொறுப்பில் இருந்தார். வரி செலுத்துவோருக்காகவும் வரி விதிப்போருக்காகவும் வாதாடிய அனுபவம் இவ்வாறு இவருக்குக் கிடைத்தது.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி

மார்ச் 15, 1939 இல் சாஸ்திரி சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியானார். அச்சமயம் அந்நீதிமன்றத்தை நிறைத்திருந்த வழக்குகளில் பெரும்பகுதி 1938 ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் தொடர்பானவை. இராஜாஜி தலைமையிலான காங்கிரசு அமைச்சரவை கொண்டுவந்த இச்சட்டம், 1930களின் பொருளாதார வீழ்ச்சியால் கடனில் மூழ்கிய உழவர்களின் வட்டிச் சுமையைக் குறைத்தது. கடன் கொடுத்தவர்கள் இதை எதிர்த்து நீதிமன்றங்களை அணுகினர். யார் விவசாயி, எந்தக் கடன் குறைக்கத்தக்கது, ஏற்கனவே பெற்ற தீர்ப்பாணை என்னவாகும் என்ற கேள்விகள் நாள்தோறும் எழுந்தன. இவ்வழக்குகளை ஆங்கிலேய நீதிபதி சர் சிட்னி வாட்ஸ்வொர்த்தும் சாஸ்திரியும் ஒரே அமர்வில் இருந்து விசாரித்தனர். கடன் கொடுத்தவர், கடன் பெற்றவர் ஆகிய இரு தரப்பினரின் வாழ்வும் தங்கியிருந்த ஒரு சட்டத்துக்கு நடைமுறைப் பொருள் கொடுத்த பணி இது.

கூட்டாட்சி நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்

இந்தியா விடுதலை பெற்ற சில மாதங்களில், டிசம்பர் 6, 1947 இல், சாஸ்திரி தில்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியானார். அப்போது அவர் சென்னை நீதிபதிகளில் மூப்பு வரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்தார். 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1937 இல் தோன்றிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் தீர்ப்புகள் மீது இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்ய முடிந்தது. 1949 அக்டோபரில் அம்முறை ஒழிக்கப்பட்டது. சனவரி 26, 1950 இல் குடியரசு மலர்ந்தபோது கூட்டாட்சி நீதிமன்றம் மறைந்து உச்ச நீதிமன்றம் அதன் இடத்தைப் பெற்றது. நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்த அரசர்கள் அவைக் கூடத்தில் சனவரி 28 அன்று புதிய நீதிமன்றத்தின் தொடக்க நிகழ்வு நடைபெற்றது.

முதல் நாளில் ஆறு நீதிபதிகளே இருந்தனர். தலைமை நீதிபதி கானியா, பசல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மெகர் சந்த் மகாஜன், பி. கே. முகர்ஜி, எஸ். ஆர். தாஸ் ஆகியோரே அவர்கள். இவர்கள் ஆங்கிலேய ஆட்சியில் பயின்று, நாடாளுமன்றம் இயற்றிய எதுவும் சட்டமே என்ற பிரித்தானிய மரபில் வளர்ந்தவர்கள். புதிய அரசியலமைப்போ, அடிப்படை உரிமைகளுக்கு மாறான சட்டம் செல்லாது என்று 13 ஆம் பிரிவில் கூறியது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் பொறுப்பு இவ்வாறு அறுவரின் கையில் வந்தது.

கோபாலன் வழக்கு

அந்தப் பொறுப்பின் முதல் பெருஞ்சோதனை சென்னை மாநிலத்திலிருந்து வந்தது. பொதுவுடைமைக் கட்சித் தலைவர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்தார். 1950 ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் அவரைத் தொடர்ந்து காவலில் வைக்கச் சென்னை அரசு ஆணையிட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் ஒருவரைச் சிறையில் வைப்பது தனிமனித உரிமையை மீறுவதாகும் என்று அவர் சார்பில் வழக்கறிஞர் எம். கே. நம்பியார் வாதாடினார்.

மே 19, 1950 இல் வெளியான தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுவதைத் தடை செய்த 14 ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்று அறுவரும் ஒருமித்துக் கூறினர். பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டு எழுதினர். சாஸ்திரி பெரும்பான்மையுடன் இருந்தார். ஆயினும் 21 ஆம் பிரிவு பற்றிய அவரது விளக்கம் தனித்தன்மை உடையது. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்றால் ஏதோ ஒரு நாள் இயற்றப்பட்ட எந்த நடைமுறையும் அன்று என்றும், ஓரளவு உறுதியும் பொது ஏற்பும் பெற்று நிலைத்த நடைமுறையையே அது குறிக்கும் என்றும் அவர் கருதினார். எனினும் தடுப்புக் காவலை 22 ஆம் பிரிவே வெளிப்படையாக அனுமதிப்பதால், அந்த அனுமதியை நீதிமன்றம் அழிக்க முடியாது என்பது அவரது முடிவு. மக்களாட்சி அரசியலமைப்பு ஒன்றில் இத்தகைய பிரிவு இடம்பெற்றது பொருத்தமற்றதாகத் தோன்றுகிறது என்பதையும் அவர் பதிவு செய்தார். தாம் விரும்பாத ஒன்றையும் சட்டத்தின் சொற்கள் கூறுமானால் ஏற்கும் மனப்பாங்கு இத்தீர்ப்பில் தெரிகிறது.

பிற்காலத்தில் இத்தீர்ப்பின் அணுகுமுறை கைவிடப்பட்டது. 1970 இல் வங்கி நாட்டுடைமை வழக்கும், 1978 இல் மேனகா காந்தி வழக்கும், அடிப்படை உரிமைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறைகள் அல்ல என்றும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும் நிறுவின.

பத்திரிகைச் சுதந்திரத் தீர்ப்பு

கோபாலன் தீர்ப்பு வெளியான ஏழாம் நாள், மே 26, 1950 இல், சாஸ்திரி எழுதிய தீர்ப்பு அரசுக்கு எதிராக அமைந்தது. ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் என்ற ஆங்கில வார இதழ் பம்பாயில் அச்சாயிற்று. சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அவ்விதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையவும் பரவவும் அரசு தடை விதித்தது. பொதுவுடைமைக் கட்சி சென்னை மாநிலத்தில் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்தார்.

சாஸ்திரியின் தீர்ப்பு இரண்டு படிகளாக அமைந்தது. முதலாவது, கருத்தை வெளியிடும் உரிமையில் அதைப் பரப்பும் உரிமையும் அடங்கும். பரவ முடியாத இதழை அச்சிடுவதால் பயன் இல்லை. இரண்டாவது, 19 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அப்போது கருத்துச் சுதந்திரத்தை மிகச் சில காரணங்களுக்காகவே கட்டுப்படுத்த இடம் தந்தது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கம் ஆகியவற்றுடன், அரசின் பாதுகாப்பைக் குலைப்பதும் அரசைக் கவிழ்ப்பதும் அக்காரணங்கள். பொது ஒழுங்கு என்பது இவற்றைவிடப் பரந்த சொல். தெருச் சண்டையும் பொது ஒழுங்கைக் கெடுக்கும். ஆனால் அரசின் அடித்தளத்தை அசைக்காது. இரண்டையும் பிரிக்காமல் தடை செய்ய அதிகாரம் அளிக்கும் சட்டப் பிரிவு முழுவதும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். பசல் அலி மட்டும் மாறுபட்டார்.

அதே நாளில் ஆர்கனைசர் என்ற தில்லி வார இதழுக்கு விதிக்கப்பட்ட முன் தணிக்கையும் நீக்கப்பட்டது. ஒரு வழக்கு இடதுசாரி இதழைச் சார்ந்தது. மற்றது வலதுசாரி இதழைச் சார்ந்தது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலையே நீதிமன்றம் பயன்படுத்தியது.

இத்தீர்ப்புகள் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணங்களாயின. 1951 சூனில் நிறைவேறிய அத்திருத்தம், பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டுக் காரணங்களாகச் சேர்த்தது. ஆயினும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் இவ்வுட்பிரிவில் சேர்ந்தது. பரப்பும் உரிமை பற்றிய சாஸ்திரியின் விளக்கமோ மாறாமல் நின்றது. 1961 இன் சாக்கல் செய்தித்தாள் வழக்கும் 1972 இன் பென்னட் கோல்மன் வழக்கும் அதன் மீதே எழுந்தவை. இணையக் கருத்துகள் தொடர்பான 2015 ஆம் ஆண்டு சிரேயா சிங்கால் தீர்ப்பிலும் அது எடுத்தாளப்பட்டது.

சமத்துவ உரிமை பற்றிய தீர்ப்புகள்

14 ஆம் பிரிவு கூறும் சமத்துவம் பற்றிய முதல் வழக்குகளிலும் சாஸ்திரி பங்கேற்றார். சோலாப்பூர் நூற்பு நெசவு ஆலை ஒன்றை மட்டும் அரசு தன் பொறுப்பில் எடுக்க 1950 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பங்குதாரர் சரஞ்சித் லால் சௌத்ரி தொடுத்த வழக்கு பெரும்பான்மையினரால் தள்ளுபடியாயிற்று. ஆனால் சாஸ்திரியும் தாசும் மாறுபட்டனர். நாட்டில் எத்தனையோ ஆலைகள் இருக்க, ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டம் இயற்றுவது சமத்துவம் ஆகாது என்பது சாஸ்திரியின் கருத்து. 1953 டிசம்பரில் துவாரகாதாஸ் வழக்கில், சாஸ்திரி தலைமையிலான அமர்வு அச்சட்டத்தைச் சொத்துரிமையின் அடிப்படையில் செல்லாததாக்கியது.

1952 சனவரியில் முடிவான அன்வர் அலி சர்க்கார் வழக்கில் நிலைமை தலைகீழானது. எந்த வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை மேற்கு வங்க அரசின் விருப்பத்துக்கு விட்ட சட்டத்தை ஏழு நீதிபதிகளில் அறுவர் ஏற்கவில்லை. தலைமை நீதிபதியான சாஸ்திரி மட்டும் அச்சட்டம் செல்லும் என்றார். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரியிடம் ஓரளவு தெரிவுரிமை இருப்பது தவிர்க்க முடியாதது என்றும், அதைத் தவறாகப் பயன்படுத்தினால் அந்தச் செயலை எதிர்க்கலாம் என்றும் அவர் கருதினார். தலைமை நீதிபதியே தனித்து நின்ற இத்தீர்ப்பு, அமர்வில் ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு என்பதைக் காட்டியது. அடுத்த மாதமே சௌராட்டிர மாநிலத்தின் ஒத்த சட்டம் ஒன்று பெரும்பான்மை தீர்ப்பால் ஏற்கப்பட்டது. அப்பெரும்பான்மையில் சாஸ்திரி இருந்தார்.

இதற்கு முன், சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையைக் கல்லூரிச் சேர்க்கையில் செல்லாததாக்கிய 1951 ஆம் ஆண்டுச் செண்பகம் துரைராஜன் வழக்கின் எழுவர் அமர்விலும் அவர் இருந்தார். அத்தீர்ப்பை எழுதியவர் எஸ். ஆர். தாஸ் ஆவார். அதன் விளைவாக முதல் திருத்தத்தில் 15 ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது.

சங்கரி பிரசாத் வழக்கு

முதல் திருத்தம் நிலச் சீர்திருத்தச் சட்டங்களையும் காத்தது. சமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றங்கள் தடுக்காதவாறு 31அ, 31ஆ ஆகிய பிரிவுகளும் ஒன்பதாம் அட்டவணையும் சேர்க்கப்பட்டன. சமீன்தார்கள் திருத்தத்தையே எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அடிப்படை உரிமையைக் குறைக்கும் சட்டம் செல்லாது என்று 13 ஆம் பிரிவு கூறுகையில், அரசியலமைப்புத் திருத்தமும் ஒரு சட்டமே அன்றோ என்பது அவர்களின் வாதம்.

அக்டோபர் 5, 1951 இல் ஐவர் அமர்வுக்காகச் சாஸ்திரி ஒருமித்த தீர்ப்பை எழுதினார். சட்டமியற்றும் அதிகாரம் வேறு, அரசியலமைப்பை ஆக்கும் அதிகாரம் வேறு என்று பிரித்தார். 13 ஆம் பிரிவில் வரும் சட்டம் என்ற சொல் முதல் வகையை மட்டும் குறிக்கும். எனவே 368 ஆம் பிரிவின் வழியாக எந்தப் பிரிவையும், அடிப்படை உரிமைகளையும் கூட, நாடாளுமன்றம் திருத்தலாம் என்று முடிவு செய்தார். பத்திரிகைகளுக்காக அரசுக்கு எதிராக எழுதிய அதே நீதிபதி, அத்தீர்ப்பின் பயனைக் குறைத்த திருத்தத்தையும் செல்லும் என்றார்.

இத்தீர்ப்பு எழுப்பிய கேள்வி இருபத்திரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்தைத் தொடர்ந்தது. 1967 இல் கோலக்நாத் வழக்கில் ஆறுக்கு ஐந்து என்ற பெரும்பான்மையில் இதன் கருத்து மறுக்கப்பட்டது. அவ்வழக்கிலும் வாதாடிய எம். கே. நம்பியார், ஜெர்மானியச் சட்ட அறிஞர் டீட்டர் கான்ராட் 1965 இல் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையின் கருத்துகளைப் பயன்படுத்தினார். மேற்கு ஜெர்மனியின் 1949 ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு, மனித மாண்பு முதலிய சில அடிப்படைகளை எந்தத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்று கூறுகிறது. நாடாளுமன்றப் பெரும்பான்மையின் வழியாகவே இட்லர் முழு அதிகாரம் பெற்ற அனுபவத்தின் விளைவு அது. இந்திய அரசியலமைப்பில் அவ்வாறான வெளிப்படையான விதி இல்லை. ஆயினும் திருத்தும் அதிகாரத்துக்கு இயல்பாகவே எல்லை உண்டு என்ற கருத்து வேரூன்றியது. 1973 இல் கேசவானந்த பாரதி வழக்கு கோலக்நாத்தை நீக்கியது. அடிப்படை உரிமைகளைத் திருத்தலாம் என்ற அளவில் சாஸ்திரியின் முடிவு மீண்டும் நின்றது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கக் கூடாது என்ற எல்லை அதனுடன் சேர்ந்தது.

தலைமை நீதிபதியாக நியமனம்

நவம்பர் 6, 1951 இல் தலைமை நீதிபதி கானியா பதவியில் இருக்கும்போதே திடீரென மறைந்தார். பசல் அலி அதற்கு முன்பே ஓய்வு வயதை எட்டியிருந்ததால் சாஸ்திரியே மூத்த நீதிபதியாக இருந்தார். தலைமை நீதிபதியை எவ்வாறு தெரிவு செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பு விரிவாகக் கூறவில்லை. சாஸ்திரியைக் கடந்து வேறொருவரை நியமிக்க அரசு எண்ணியதாகவும், அவ்வாறு செய்தால் மற்ற நீதிபதிகள் பதவி விலகத் தயாராக இருந்ததாகவும் நீதித்துறை வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். முடிவில் நவம்பர் 7 அன்று சாஸ்திரியே பதவியேற்றார்.

மூத்த நீதிபதியே தலைமை நீதிபதியாவார் என்ற மரபு இந்நியமனத்தால் வலுப்பெற்றது. எழுதப்படாத இம்மரபின் மதிப்பு அது மீறப்பட்டபோது புலப்பட்டது. 1973 இல் கேசவானந்த பாரதி தீர்ப்பை அடுத்து மூன்று மூத்த நீதிபதிகளைக் கடந்து ஏ. என். ராய் நியமிக்கப்பட்டார். 1977 இல் எச். ஆர். கன்னாவைக் கடந்து எம். எச். பெக் நியமிக்கப்பட்டார். நீதித்துறையின் தன்னுரிமை பற்றிய பெரும் விவாதம் இவற்றால் எழுந்தது.

மே 13, 1952 இல், முதல் பொதுத் தேர்தலுக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்துக்குச் சாஸ்திரி பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

வி. ஜி. ராவ் வழக்கு

தலைமை நீதிபதியாகச் சாஸ்திரி எழுதியவற்றுள் மிகுதியாக எடுத்தாளப்படுவது மார்ச் 31, 1952 இல் வெளியான வி. ஜி. ராவ் வழக்குத் தீர்ப்பாகும். வி. ஜி. ராவ் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர். மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பின் பொதுச் செயலாளர். 1950 மார்ச்சில் சென்னை அரசு இச்சங்கத்தைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. சங்கம் பொது அமைதிக்கு ஆபத்தானது என்று அரசு கருதினாலே போதும் என்று சட்டம் கூறியது. அக்கருத்து சரியா என்பதை நீதிமன்றம் ஆராய வழியில்லை. சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்கவில்லை. அரசு மேல்முறையீடு செய்தது.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசின் முறையீட்டைத் தள்ளியது. ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அளக்க எந்தப் பொதுச் சூத்திரமும் இல்லை என்று கூறிய சாஸ்திரி, கருத்தில் கொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்தினார்:

- பாதிக்கப்படும் உரிமையின் தன்மை
- கட்டுப்பாட்டின் நோக்கம்
- களைய வேண்டிய தீமையின் அளவும் அவசரமும்
- தீமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மை
- அக்காலத்தின் நிலைமைகள்

சட்டத்தின் உள்ளடக்கம் மட்டுமன்றி அதன் நடைமுறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்றார். அடிப்படை உரிமைகளைப் பொறுத்தவரை நீதிமன்றம் விழிப்புடன் நிற்கும் காவலன் என்ற கருத்தை முன்வைத்த அவர், இது சட்டமன்றத்துடன் மோதும் ஆர்வத்தால் அன்று, அரசியலமைப்பு இட்ட கடமையால் நேர்வது என்றும் தெளிவுபடுத்தினார். நீதிபதியின் சொந்த மனப்போக்கு தீர்ப்பில் புகக்கூடும் என்பதால் தன்னடக்கம் தேவை என்றும் எச்சரித்தார்.

மேற்கு ஜெர்மனியின் கூட்டரசு அரசியலமைப்பு நீதிமன்றம், சாஸ்திரி தலைமை நீதிபதியான அதே 1951 இல் கார்ல்சுரூகே நகரில் பணியைத் தொடங்கியது. நோக்கத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையே விகிதப் பொருத்தம் வேண்டும் என்ற கோட்பாட்டை 1958 ஆம் ஆண்டு மருந்தகத் தீர்ப்பில் அது விரிவாக்கியது. இன்று உலகின் பல நீதிமன்றங்கள் பின்பற்றும் இக்கோட்பாட்டுக்கு நெருங்கிய சிந்தனை வி. ஜி. ராவ் தீர்ப்பில் 1952 இலேயே காணப்படுகிறது. 2000 இல் ஓம் குமார் வழக்கில், விகிதப் பொருத்தச் சோதனை 1950 முதலே இந்தியாவில் நடைமுறையில் இருப்பதாக உச்ச நீதிமன்றம் கூறியது.

பிற முக்கியத் தீர்ப்புகள்

- தேர்தல் ஆணையம் எதிர் சாக்கா வெங்கட்ட ராவ் (1953): தில்லியில் இருக்கும் தேர்தல் ஆணையத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பிக்க முடியாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. தில்லிக்கு வெளியே உள்ள மக்களுக்கு இதனால் ஏற்பட்ட இடர்ப்பாட்டை 1963 ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தம் நீக்கியது.
- பம்பாய் மாநிலம் எதிர் யுனைட்டெட் மோட்டார்ஸ் (1953): மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கு யார் வரி விதிக்கலாம் என்பது கேள்வி. சரக்கு நுகரப்படும் மாநிலம் விதிக்கலாம் என்ற இதன் முடிவை 1955 இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கு மாற்றியது.
- மேற்கு வங்கம் எதிர் சுபோத் கோபால் போஸ் (1953): சொத்துரிமை பற்றிய 31 ஆம் பிரிவின் முதல் இரு உட்பிரிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றும், உரிமை பெருமளவு பறிக்கப்பட்டால் இழப்பீடு வேண்டும் என்றும் சாஸ்திரி கூறினார். 1955 இல் வந்த நான்காம் திருத்தம் இதற்கு விடையாக அமைந்தது.

ஓய்வுக்குப் பின்

65 வயது நிறைந்ததால் 1954 சனவரியில் சாஸ்திரி ஓய்வு பெற்றார். மெகர் சந்த் மகாஜன் அடுத்த தலைமை நீதிபதியானார். தில்லிப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராகவும் சாஸ்திரி விளங்கினார். 1958 முதல் 1962 வரை சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராக இருந்தார். திருப்பதியில் மத்திய சமசுகிருத வித்யாபீடத்தை நிறுவி நடத்திய சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார். இந்நிறுவனம் பின்னர் தேசிய சமசுகிருதப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மார்ச் 16, 1963 இல், தமது 74 ஆம் வயதில், பதஞ்சலி சாஸ்திரி காலமானார்.

மதிப்பீடு

சாஸ்திரியின் தீர்ப்புகளை ஒரே வரிசையில் அடுக்கினால் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். கோபாலனின் காவலை ஏற்றவர் பத்திரிகைத் தடையை நீக்கினார். ஓர் ஆலையைப் பிரித்தெடுத்த சட்டத்தை எதிர்த்தவர் சிறப்பு நீதிமன்றச் சட்டத்தை ஆதரித்தார். ஆயினும் இவற்றை இணைக்கும் இழை ஒன்று உண்டு. அரசியலமைப்பின் சொற்கள் எந்த அளவுக்கு இடம் தருகின்றன என்பதையே அவர் முதலில் ஆராய்ந்தார். சொற்கள் அரசுக்கு இடம் தந்தால் அரசுக்கும், தராவிட்டால் குடிமகனுக்கும் தீர்ப்பு அமைந்தது. வரிச் சட்டத்தில் பல்லாண்டுகள் பழகிய வழக்கறிஞருக்கு இது இயல்பான முறையாகும்.

இம்முறையின் குறையைக் கோபாலன் வழக்கு காட்டியது. சொற்களுக்குப் பின்னால் உள்ள நோக்கத்தைத் தேடிய பசல் அலியின் மாறுபட்ட தீர்ப்பே பின்னாளில் ஏற்பைப் பெற்றது. இம்முறையின் வலிமையைக் கிராஸ் ரோட்ஸ் வழக்கும் வி. ஜி. ராவ் வழக்கும் காட்டின. புதிதாகத் தோன்றிய குடியரசு பிரிவினைக் கலவரம், ஆயுதப் போராட்டம் ஆகியவற்றின் அச்சத்தில் இருந்த நாட்களில், ஆட்சியாளர் விரும்பாத இதழுக்கும் சங்கத்துக்கும் உரிமை உண்டு என்று கூற அந்தச் சொற்களே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. நீதிமன்றம் சொன்னதை அரசு ஏற்று, மாற்ற விரும்பியபோது அரசியலமைப்பைத் திருத்தும் வழியை நாடியது. சட்டமன்றமும் நீதிமன்றமும் தத்தம் எல்லைக்குள் நின்று மறுமொழி கூறிக்கொள்ளும் இந்த நடைமுறை இந்தியாவில் உருவானதில் பதஞ்சலி சாஸ்திரிக்குப் பெரும்பங்கு உண்டு. அவருக்கு அடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் இந்தியத் தலைமை நீதிபதியாக ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயிற்று. 2013 இல் ப. சதாசிவம் அப்பதவியை ஏற்றார்.